ஒரே ஒரு தீற்றல்

எங்கள் வீட்டில் சண்டை வந்தால் பாத்திரம் எதுவும் உருளாது. நானும் என் வீட்டுக்காரரும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, ஆளுக்கொரு சுவர்ப் பக்கம் திரும்பி நின்று படம் வரைவோம். டயர் கடைக்கு மேலே நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த நீளமான அறை அதற்கு வசதியாக இருந்தது. கீழே காற்றடிக்கும் இயந்திரம் உறுமும்போதெல்லாம் தரை அதிரும். மெல்லிசாகக் கோடு இழுக்க வேண்டுமென்றால் அது அடங்கும்வரை தூரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஆனாலும் அந்த அறை எங்களுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

அப்போது அவர் விளம்பரப் பலகை அச்சடிக்கும் கடையில் வேலை பார்த்தார். நான் பொய்ப்பல் செய்யும் கூடத்தில் பல்லுக்கு நிறம் கொடுத்துக்கொண்டிருந்தேன். பகலெல்லாம் யார் யாருடைய வாய்க்கோ ஏற்ற மஞ்சளைக் கலந்துவிட்டு, சாயங்காலம் வந்து என் படத்துக்கு முன்னால் நின்றால்தான் எனக்கு மூச்சே வரும். அவர் பேருந்து நிறுத்தங்களில் நெருக்கியடித்து நிற்கும் ஆட்களை வரைவார். நான் ஆளே இல்லாத இடங்களை வரைவேன். மாடிப்படி, மின்தூக்கியின் கதவு, யாரோ சாத்தி வைத்துவிட்டுப் போன ஈரக் குடை. "உன் படத்துக்குள்ள என் ஆளுங்களைக் கொண்டு வந்து விட்டா வாடகையாவது வரும்" என்று கேலி செய்வார்.

ஒரு சண்டையின்போது நான் கீழே இறங்கித் தேநீர் வாங்கிக்கொண்டு வந்தேன். எனக்கு மட்டும்தான் வாங்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். திரும்பி வந்து பார்த்தால் என் மாடிப்படிப் படத்தில் கட்டைவிரல் நீளத்துக்கு ஓர் ஆரஞ்சுத் தீற்றல். என் படத்தில், என்னைக் கேட்காமல்! தேநீரை அவர் தலையில் கொட்டியிருப்பேன், அவ்வளவு ஆத்திரம். ஆனால் படம் பல நாளாக அந்த மூலையில்தான் நகர மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு தீற்றலில் மொத்தமும் சரியாகிவிட்டது. பாவி மனுஷன், எப்படித்தான் கண்டுபிடித்தாரோ என்று நினைத்தேன். அடுத்த நாள் அவர் கை கழுவப் போன நேரத்தில் அவருடைய கூட்டத்தில் ஒருத்தன் காதோரம் கொஞ்சம் நீலம் வைத்தேன். அவர் வந்து பார்த்தார், அதை அப்படியே விட்டுவிட்டு மேலே வரைந்தார். சண்டை அத்தோடு தீர்ந்தது.

அதுவே வழக்கமாகிவிட்டது. ஒருவர் அறையில் இல்லாதபோது மற்றவர் அந்தப் படத்தில் ஒரே ஒரு தீற்றல் வைக்கலாம். படத்துக்குச் சொந்தக்காரர் அதை அழிக்கக் கூடாது, ஏன் வைத்தாய் என்று கேட்கவும் கூடாது. கல்யாணமான வேறு ஜோடிகள் என்னென்னவோ செய்து ஒற்றுமையாக இருக்கிறார்கள். நாங்கள் இப்படி இருந்தோம்.

மேல்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்று முதலில் சொன்னது அவர்தான். ஓவியத்தில் முதுகலை. "ரெண்டு வருஷம் வேற எந்த வேலையும் இல்லாம வரையலாம். சம்பளம் மாதிரி உதவித்தொகை வேற தர்றாங்க. முப்பது தாண்டினா சேத்துக்க மாட்டோம்னு எங்கயும் போடல" என்றார். எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது. படங்களை மொட்டைமாடிக்குத் தூக்கிப் போய்ப் புகைப்படம் எடுத்தோம். வெயில் பட்டுப் பளபளக்காமல் இருக்க ஒருவர் படுக்கை விரிப்பை விரித்துப் பிடிக்க வேண்டும். காற்று விரிப்போடு என்னையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. அவர் கேமராவைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து என்னைப் பிடிப்பதற்குப் பதிலாக, அந்தக் கோலத்தையும் ஒரு படம் எடுத்தார்.

பிறகு, நான் ஏன் வரைகிறேன் என்று எல்லோரும் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். அவர் இருப்பு, இன்மை என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதினார். நானோ, 'பார்க்கப் பிடிக்கும், அதனால் வரைகிறேன்' என்று ஒரே வரி எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தேன். "பல்லுக்கு நிறம் குடுக்கறவ பல்லைக் கடிச்சுக்கிட்டாவது இன்னும் நாலு வரி எழுது" என்றார். சிரித்துச் சிரித்தே எழுதி முடித்து, நாலைந்து கல்லூரிகளுக்கு அனுப்பினோம்.

ஆற்றங்கரையில் இருந்த கல்லூரி இருவரையும் திரையில் அழைத்துப் பேசியது. இனிமையானவர்கள். எங்கள் இருவர் படங்களிலுமே எதிர்பாராத இடத்தில் ஒரு நிறம் வந்து குதிக்கிறதே, அதுதான் அழகு என்றார்கள். நாங்கள் ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டோம்.

பெரிய நகரத்துக் கல்லூரி என்னை மட்டும் அழைத்தது. நான் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தேன். அவர் கேமராவுக்குத் தெரியாத மூலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். திரையில் மூன்று பேர். அதில் ஒரு அம்மா, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கேள்வி கேட்கும்போது மட்டும் அதை எடுத்து மாட்டிக்கொள்வார். என் மாடிப்படிப் படத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கினார்.

"இந்த ஆரஞ்சு எதுக்கு வந்துச்சு?"

நான் மூலையைப் பார்த்தேன். மூலையில் இருந்தவர் விட்டத்தைப் பார்த்தார். "அந்த இடத்துக்கு வேணும்போல இருந்துச்சுங்க" என்று மென்று விழுங்கினேன்.

"சரி, குடைப் படத்துல இந்தப் பச்சை?"

அதுவும் அவர் வைத்ததுதான். எனக்கு வியர்த்துவிட்டது. பொய் சொன்னால் இன்னும் நாலு பொய் சொல்ல வேண்டிவரும் என்று எங்கள் வழக்கத்தைச் சொல்லிவிட்டேன். மற்ற இருவரும் ரசித்துச் சிரித்தார்கள். கண்ணாடிக்காரம்மா சிரிக்கவில்லை.

"உங்க ஒவ்வொரு படமும் ஒரு இடத்துல தடுமாறுதும்மா. நான் அந்த இடத்தைத்தான் ஆசையா தேடி வர்றேன். வந்து பாத்தா, அங்க யாரோ உங்களைக் கை குடுத்துத் தூக்கி விட்டுட்டுப் போயிருக்காங்க. அவங்க தூக்கி விடலேன்னா நீங்க எங்க போய் விழுவீங்கன்னு எனக்குப் பாக்கணும்."

பேச்சு முடிந்து மடிக்கணினியை மூடியதும் நான் குதித்தேன். "விழுவேனாமே! விழுறதுக்கு நான் எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்? இந்த மாடிப்படியிலயே விழுந்துக்கறேன்!"

"அந்தம்மாவுக்கு என் ஆரஞ்சு பிடிக்கல போல" என்றார் அவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்று முழுக்க அவர் தூரிகையைத் தொடவே இல்லை. நான் அதைக் கவனித்தேன், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பதில்கள் வந்தன. சில கல்லூரிகள் மிகவும் வருந்தின. இவ்வளவு வருத்தப்படுகிறவர்கள் இடத்தையே கொடுத்துத் தொலைத்திருக்கலாம். ஆற்றங்கரைக் கல்லூரி இருவருக்கும் இடம் கொடுத்தது. பெரிய நகரத்துக் கல்லூரியும் எனக்கு இடம் கொடுத்தது. கண்ணாடிக்காரம்மாவே போன் போட்டு, "உங்களுக்கு இடம் வெச்சிருக்கேன், வாங்க" என்றார். இரண்டு இடத்திலும் உதவித்தொகை உண்டு. ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டிய தூரம். இருவரும் சேர்ந்து படிப்பதானால் ஆற்றங்கரை. கண்ணாடிக்காரம்மாவிடம் படிப்பதானால் நான் தனியாகப் போக வேண்டும். அந்த வாரக் கடைசிக்குள் சொல்லிவிட வேண்டும்.

என் நாத்தனார், ஆஸ்பத்திரியில் நர்ஸ், வேலை முடிந்து வந்தவள் சீருடையைக்கூட மாற்றாமல் எங்கள் அறைக்கு ஏறி வந்தாள். "இதுல யோசிக்க என்னடி இருக்கு? ரெண்டு வருஷந்தானே. போன் இருக்கு, ரயில் இருக்கு. பிரிஞ்சு இருந்தா உருகியா ஓடிடுவீங்க? இவனை நான் பாத்துக்கறேன். பெரிய காலேஜ் கூப்பிடுது, மூட்டையைக் கட்டு" என்றாள். நல்ல யோசனைதான். நாத்தனார் வாயிலிருந்து வந்ததாலேயே எனக்கு அது கசந்தது. என் வீட்டு விஷயத்தில் இவள் யார் மூட்டை கட்டச் சொல்ல என்று மனசுக்குள் முணுமுணுத்தேன்.

இருந்தாலும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று பெரிய நகரத்துக்கு ரயிலேறினேன். கண்ணாடிக்காரம்மா நேரில் இன்னும் குள்ளமாக இருந்தார். எனக்குத் தரப்போகும் அறையைத் திறந்து காட்டினார். சின்ன அறைதான். சுவர் முழுக்க முன்னால் இருந்தவர்கள் அடித்த ஆணிகளின் ஓட்டை. ஒரு தொட்டி, அதன் விளிம்பில் காய்ந்த சாயம். உயரத்தில் ஒரு ஜன்னல், வெளிச்சம் கண்ணைக் கூசாமல் சுவரில் அப்படியே படிந்திருந்தது. "கொஞ்ச நேரம் தனியா இருந்து பாருங்க" என்று அவர் வெளியே போய்க் கதவைச் சாத்தினார். நான் நடுவில் நின்றேன். நான் வெளியே போனாலும் வேறு யாரும் உள்ளே வரமாட்டார்கள், திரும்பி வந்தால் படம் விட்ட இடத்திலேயே இருக்கும் என்று நினைத்தபோது, வெட்கமாக இருக்கிறது சொல்ல, எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துத்தான் நான் பயந்துபோனேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர், "எப்படி இருந்துச்சு?" என்றார்.

"ஏதோ ஒரு ரூம்" என்றேன்.

அடுத்த நாள் சாயங்காலம் அவர் தட்டில் காய்ந்த சாயத்தைச் சுரண்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "நீ அங்கயே போ. நான் சமாளிச்சுக்கறேன்."

"என்னமோ விட்டுக் குடுக்கற மாதிரி பேசறீங்க?"

"விட்டுத்தான் குடுக்கறேன். அதுக்கு வேற என்ன பேரு சொல்றது?"

"நான் ஜெயிச்சு வாங்கின இடம் அது. அதை நீங்க எனக்குத் தானம் பண்றீங்களா?"

"ஐயோ, ஏன்டி எல்லாத்தையும் வம்பா எடுத்துக்கற? போன்னுதானே சொல்றேன்."

"போன்னு சொல்ல நீங்க யாரு, இருன்னு சொல்லத்தான் நீங்க யாரு?"

இப்படியே வளர்ந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். மடிக்கணினியை இழுத்துத் திறந்தேன். ஆற்றங்கரைக்கு, ஏற்கிறேன். பெரிய நகரத்துக்கு, மறுக்கிறேன். உறுதியாகத்தானா என்று அது ஒருமுறை கேட்டது. ஒரு பெட்டிக்கு இருந்த பொறுமை எனக்கு இல்லை. அழுத்திவிட்டேன்.

அவர் சுரண்டும் கத்தியோடு அப்படியே நின்றார். "என்னடி பண்ணிட்ட?"

"உங்க கூடவே வர்றேன். சந்தோஷமா?" என்றேன். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு தலையை நிமிர்த்தி வேறு நின்றேன்.

மறுநாள் கண்ணாடிக்காரம்மா கூப்பிட்டார். தவறுதலாக அழுத்திவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். குடும்பச் சூழ்நிலை என்றேன். "சரிம்மா, நல்லா வரைங்க" என்று வைத்துவிட்டார்.

ஆற்றங்கரைக் கல்லூரியில் எங்களுக்கு ஒரே தாழ்வாரத்தின் இரு முனைகளில் தனித்தனி அறை கொடுத்தார்கள். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. நடக்க முடியாத தூரமா என்ன? முதல் வாரமே அவர் இல்லாத நேரம் பார்த்து அவர் படத்தில் ஒரு சாம்பல் தீற்றல் வைத்துவிட்டு வந்தேன். என் அறைக் கதவையும் வேண்டுமென்றே திறந்து போட்டுவிட்டு, உணவுக்கூடத்தில் போய் ஆறிய காப்பியை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். திரும்பி வந்து படத்தை மேலும் கீழும் தேடுவேன். ஒன்றும் இருக்காது.

"உங்களுக்குக் கை வலிக்குதா?" என்று கேட்டேன் ஒரு நாள்.

"இனிமே அந்த விளையாட்டு வேணாமே. படிக்க வந்திருக்கோம், ஒழுங்கா படிப்போம்" என்றார். மென்மையாகத்தான் சொன்னார். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. புது இடம், புது ஆட்கள், ஐயாவுக்குப் பெண்டாட்டியின் நீலம் இனித் தேவைப்படவில்லை என்று நினைத்துக்கொண்டேன். வாய் திறந்து கேட்டிருக்கலாம். ஏன் என்று கேட்கக் கூடாது என்ற பழக்கம் எங்களுக்குள் அவ்வளவு ஊறிப்போயிருந்தது.

அங்கே ஆசிரியர்கள் எல்லோரும் நல்லவர்கள். எதைக் காட்டினாலும் அருமை என்பார்கள். பாதியில் நின்றுபோன படத்தைக் காட்டினால், பாதியில் நிற்பதே அருமை என்பார்கள். எனக்கோ ஒவ்வொரு படமும் அந்தத் தடுமாறும் இடம்வரை ஓடி வந்து, அங்கே நின்றுவிடும். கண்ணாடிக்காரம்மா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நானே அவர் குரலில் கேட்டுப் பார்ப்பேன். கேள்வி மட்டும் வரும். அதற்குமேல் என்ன செய்வதென்று சொல்ல ஆளில்லை. கடைசியில், சொன்னால் அசிங்கம், அவர் எப்படி வைப்பாரோ அதேபோல் நானே ஒரு தீற்றலை வைத்துப் படத்தை முடித்துவிடுவேன். அருமை என்றார்கள். இரண்டு வருஷமும் இப்படியே போயிற்று.

படிப்பு முடிந்து எல்லோருடைய படங்களையும் கூடத்தில் மாட்டினார்கள். அவர் சுவருக்கு முன்னால் நகரவே இடமில்லை. கூட்டத்தை வரைகிறவருக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது. தனியாக இருந்து நன்றாகவே வளர்ந்திருந்தார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. என் சுவரைப் பார்த்தவர்கள் தலையாட்டிவிட்டுத் தின்பண்டங்கள் வைத்திருந்த மேசைப் பக்கம் போனார்கள். எல்லோரும் போனபின் அவர் வந்து என் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றின் முன்னால் குனிந்தார்.

"இந்த மஞ்சள் நான் வெச்சது இல்லையே."

"நான்தான் வெச்சேன். உங்களை மாதிரியே. நல்லா இருக்கா?"

அவர் முகம் விழுந்துவிட்டது. "எல்லாத்துலயுமா?" என்றார்.

"எல்லாத்துலயும்."

"அடிப் பாவி" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் எதுக்காகக் கையைக் கட்டிக்கிட்டு இருந்தேன்? அந்தம்மா சொன்னாங்களே, தூக்கி விடாம இருந்தா எங்க போய் விழுவீங்கன்னு. நீதான் அங்க போகாம வந்துட்ட. இங்கயாவது அது உனக்குக் கிடைக்கட்டும்னுதானே உன் அறைப் பக்கமே வராம இருந்தேன்."

அவர் தீற்றல் இல்லாமல் இருக்க முடியாது என்று நான் இங்கே வந்தேன். நான் இழந்ததை ஈடுகட்ட அவர் அதை நிறுத்திவிட்டார். இரண்டு பேரும் வாயைத் திறந்து பேசித் தொலைத்திருக்கலாம். முதல்முறையாக வழக்கத்தை மீறிக் கேட்டேன். "மொதல்ல ஏன் வெச்சீங்க? அந்த ஆரஞ்சை ஏன் வெச்சீங்க?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பயந்துதான்."

"எதுக்குப் பயம்?"

"அந்த இடத்துக்கு வரும்போது நீ எனக்குப் புரியாத எதையோ செய்யப் போற மாதிரி இருக்கும். செஞ்சுட்டேன்னா, அப்புறம் நான் ரொம்பப் பின்னாடி நின்னுடுவேன். அதான், நீ செய்யறதுக்குள்ள நான் ஒண்ணு வெச்சு முடிச்சுடுவேன். படம் நல்லாத்தானே வந்துச்சு, அதனால எனக்கே அது பயம்னு தெரியல. அந்தம்மா கேட்டப்பதான் தெரிஞ்சுது."

நான் கத்துவேன் என்று அவர் எதிர்பார்த்தார். நானும்தான் எதிர்பார்த்தேன். ஒரு வருஷம் முன்னால் சொல்லியிருந்தால் கூரை பறந்திருக்கும். அன்று நான் எழுந்து படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன், அவர் துணி சுற்றிக் கட்டினார்.

மறுநாள் காலையில் பெரிய நகரத்துக் கல்லூரிக்கு நானே போன் போட்டேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் ஒரு பெண் பேசினாள். மறுபடியும் விண்ணப்பிக்கலாமா என்று கேட்டேன். என்ன படித்திருக்கிறீர்கள் என்றாள். சொன்னேன்.

"அப்ப முடியாதுங்க மேடம். ஏற்கெனவே இதே படிப்பு முடிச்சவங்களை எடுக்கறதில்ல. எங்கயுமே எடுக்க மாட்டாங்க. ஒருத்தருக்கு ஒரு தடவைதான்."

அந்த அம்மா இருக்கிறாரா என்று கேட்டேன். வகுப்பில் இருக்கிறார், யார் பேசியதாகச் சொல்லட்டும் என்று கேட்டாள். என்ன சொல்வது? அவருக்கு என் பெயர் நினைவிருந்தால் ஒரு வருத்தம், இல்லாவிட்டால் இன்னொரு வருத்தம். பரவாயில்லை என்று வைத்துவிட்டேன்.

"என்ன சொன்னாங்க?" என்றார் அவர்.

"ஒருத்தருக்கு ஒரு தடவைதானாம்."

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தார். தோள் குலுங்கக் குலுங்க, சத்தமாக, சின்னப் பிள்ளைபோல அழுதார். அழ வேண்டியவள் நான். அதிலும் இந்த மனுஷன் முந்திக்கொண்டார். நான் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தேன்.